சின்னக்கண்ணு கண்டெடுத்த ஒன்பது ஆட்டங்கள்

"கொல்லிமலையைச் சேர்ந்த சின்னக்கண்ணு என்பவர் அனுப்பிய ஒன்பது ஆட்டங்களும் போலியானவை. செஸ் விதிகள்கூடச் சரியாகத் தெரியாத ஒருவரால் அவை தயாரிக்கப்பட்டிருக்கின்றன. இத்தகைய மோசடிகள் குறித்து வாசகர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்."

சென்னையிலிருந்து வரும் ஒரு செஸ் மாத இதழில், இந்த ஆண்டு மாசி மாதம், இருபத்தோராம் பக்கத்தில் வந்த மூன்று வாக்கியங்கள் இவை. எழுதியவர் டாக்டர் தனபால். பழைய செஸ் ஆட்டக்காரர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர், நாலு நாடு சுற்றியவர், பெரிய மனிதர். அந்த 'என்பவர்' என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது. ஆடு திருடிப் பிடிபட்டவனுக்குத்தான் செய்தித்தாளில் 'என்பவர்' போடுவார்கள். மூன்று வருடம் மலை முழுக்க நடந்து ஒரு காரியத்தைச் செய்து முடித்த மனிதனுக்கு யாரும் அப்படிப் போட மாட்டார்கள்.

சின்னக்கண்ணு யார் என்று நான் சொல்லிவிடுகிறேன். அந்த இதழ் சொல்லவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. அவருக்கு ஐம்பத்தாறு வயது. பைல் நாட்டில் முக்கால் ஏக்கர் நிலம். சில ஊர்கள் சேர்ந்ததை மலையில் நாடு என்பார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏற்றியிருக்கிறார், மேட்டில் மரவள்ளி, அதற்கும் மேலே கொஞ்சம் சாமை. எட்டாம் வகுப்பு வரை ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். செஸ்ஸில் அங்கே இவரை ஜெயித்த ஆள் கிடையாது. அதற்கு மேல் படிப்பு ஓடவில்லை, ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் எங்கள் பள்ளி நூலகத்துக்கு வருவார். அந்த மாத இதழை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் போட்டிருக்கும் ஆட்டங்களை மேசை மேல் காய் இல்லாமலே விரலால் ஆடிப் பார்ப்பார். நான் அங்கே கணக்கு டீச்சர். சொந்த ஊர் பேளுக்குறிச்சி. தினமும் மலைப்பாதையில் எழுபது வளைவு ஏறி இறங்குகிறவள். பெயர் மேனகா. என் பெயரை இங்கேயே எழுதிவிடுகிறேன், காரணம் பின்னால் தெரியும்.

நாலு வருடத்துக்கு முன்னால் அதே டாக்டர் தனபால் அதே இதழில் ஒரு கட்டுரை எழுதினார். லாக்ஸ்டன் என்று ஒரு வெள்ளைக்காரர், விக்டோரியா ராணி காலத்தில் லண்டனில் பெரிய ஆட்டக்காரர், காயை வாரி வாரிப் பலி கொடுத்துவிட்டு ராஜாவைச் சுற்றி வளைக்கிறவர். உடம்பு கெட்டு, வெயில் நாட்டுக்குப் போகச் சொல்லி வைத்தியர் அனுப்ப, இங்கே சர்வே இலாகாவில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறார். முகாம் கொல்லிமலை. திரும்பிப் போனபின் அவர் போட்டிகளில் ஆடவே இல்லை. அந்த இரண்டு வருடத்தில் அவர் ஆடிய ஆட்டம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, லண்டன் நூலகங்களிலும் தேடியாயிற்று, சென்னை ஆவணக் காப்பகத்திலும் தேடியாயிற்று, யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள் என்று முடித்திருந்தார்.

சின்னக்கண்ணு அதைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், லண்டன்ல தேடியிருக்காங்க, மெட்ராஸ்ல தேடியிருக்காங்க. மலையில தேடுனாங்களாமா?"

"அதைப் பத்தி எழுதலைங்கண்ணா."

"ரெண்டு வருசம் ஒருத்தரு ஆடாம இருந்திருக்க மாட்டாருங்க. முகாம்ல வேற யாரு இருக்கறாங்க? நெலம் அளக்கற சர்வே சங்கிலி இழுக்க மலை ஆளைத்தான கூப்பிட்டிருப்பாங்க? சங்கிலி இழுத்தவங்க ஊட்டுல கேக்கோணுமுங்க."

இதுதான் ஆராய்ச்சி. இதற்கு மேல் எந்த டாக்டர் பட்டமும் இதில் கிடையாது. இரண்டு வரி யோசனை, அப்புறம் மூன்று வருட நடை. விதைப்பும் அறுப்பும் போக மிச்சமிருந்த நாளெல்லாம் ஒவ்வொரு நாடாகப் போய், "உங்க முன்னோருல யாராச்சும் சர்வே சங்கிலி இழுத்தாங்களா?" என்று கேட்டார். சர்வே என்ற சொல்லைக் காதில் வாங்கியதும் ஒரு ஊரில் நாயை அவிழ்த்து விட்டார்கள், நிலம் அளக்க வந்த ஆள் என்று. இன்னொரு ஊரில் புதையல் தேடுகிறார் என்று நினைத்து, ஒருவன் கடப்பாரையோடு இரண்டு நாள் அவர் பின்னாலேயே சுற்றினான். புளியஞ்சோலைப் பக்கம் இறங்கி, வெள்ளைக்காரன் காலத்துப் பெட்டி இருக்கிறது என்று சொன்ன வீட்டில் திறந்து பார்த்தால் உள்ளே பழைய தேர்தல் நோட்டீஸ். அவர் மனைவி நஞ்சம்மாள் ஒரு தடவை என்னிடமே முறையிட்டார்.

"செத்துப்போன தொரை ஜெயிச்சா என்ன, தோத்தா என்னங்க டீச்சர்? இங்க மொளகு காஞ்சு உதிருது. நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் சொல்லியிருந்தாலும் சின்னக்கண்ணு கேட்டிருக்கப் போவதில்லை.

கடைசியில் மலையின் அடுத்த கோடியில் செல்லமுத்து என்று ஒருவர் வீட்டில் தடம் கிடைத்தது. செல்லமுத்துவின் பாட்டனுக்குப் பாட்டன் சென்றாயன், லாக்ஸ்டன் துரையின் முகாமில் சங்கிலி இழுத்தவர். முகாம் கலைந்தபோது துரை தன் கையால் எழுதிய ஒரு புத்தகத்தைச் சென்றாயனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளைக்காரன் கொடுத்த காகிதம், நாளைக்கு என்ன விவகாரத்துக்கு ஆகுமோ என்று அதைச் சாமிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். பெட்டியில் ஒரு வேல், ஒரு பட்டுத் துணி, கூடவே இந்தப் புத்தகம். ஆடியில் ஒரே ஒரு நாள், பொங்கல் வைத்துப் படைக்கும் வரைக்கும் பெட்டி திறந்திருக்கும். மற்ற நாளில் யார் கேட்டாலும், கலெக்டரே வந்தாலும், மூடி மூடியதுதான். சின்னக்கண்ணு போனது கார்த்திகையில். எட்டு மாதம் காத்திருந்தார்.

போன வருடம் ஆடியில் பெட்டி திறந்தது. "கையில தொடாத, நானே பொறட்டறேன்" என்று செல்லமுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்ட, இவர் தன் போனில் படம் எடுத்தார். பதினாலு பக்கம். ஒன்பது ஆட்டம். எல்லாம் பென்சிலில் எழுதியது. ஒவ்வொன்றின் தலைப்பிலும் தேதி, முகாம், பிறகு 'லாக்ஸ்டன், சங்கிலி ஆள் சென்றாயன்' என்று இரண்டு பெயர். ஒன்பதில் ஆறு சென்றாயன் ஜெயித்தது. இரண்டு துரை ஜெயித்தது. ஒன்று சமன்.

அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு அவர் நேராக என்னிடம்தான் வந்தார். அச்சிலிருந்தால் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார், துரையின் கூட்டெழுத்து அவருக்கு ஓடவில்லை. "நீங்க அழகா அடிச்சுக் குடுங்க டீச்சர், அனுப்பிப்புடலாம்" என்றார். நானும் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணினியில் அடித்தேன்.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நாலு ஆட்டங்களில் ஓர் இடம் இடித்தது. ராஜா தன் சொந்தக் கட்டத்திலிருந்து, பக்கத்து நெடுவரிசையில் மூன்றாம் கட்டத்துக்குப் போவதாக எழுதியிருந்தது. ராஜா ஒரு கட்டம்தான் நகரும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். பென்சில் மங்கியிருக்கிறது, துரை எழுதியது இரண்டாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து, நாலு இடத்திலும் மூன்றை இரண்டாக்கினேன். மூன்று தெளிவாகவே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் மாற்றினேன். விடைத்தாளில் தப்பைக் கண்டால் என் கை சும்மா இருக்காது, பதினோரு வருடப் பழக்கம். எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள், நான் எழுதாத ஏட்டையும் கெடுத்தேன். சின்னக்கண்ணுவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் இன்னும் மோசம்.

அடித்த தாளையும் போன் படங்களையும் சேர்த்துச் சென்னைக்கு அனுப்பினோம். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று மாதங்கள் போயின. சின்னக்கண்ணு சனிக்கிழமைதோறும் வந்து, "பதில் வந்துதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். மாசியில் பதில் வந்தது, மேலே சொன்ன இருபத்தோராம் பக்கம்.

டாக்டர் தனபால் மூன்று காரணம் காட்டியிருந்தார். லாக்ஸ்டன் புயல் மாதிரி ஆடுகிறவர், இந்த ஆட்டங்களிலோ சிப்பாய்கள் முதல் அடியிலேயே பயந்து பயந்து ஒவ்வொரு கட்டமாக நகர்கின்றன. இரண்டாவது, படத்தில் ராஜா குதிரையைப் போலத் தாவுகிறது, செஸ் தெரிந்த யாரும் அப்படி எழுத மாட்டார்கள். மூன்றாவதுதான் பெரிய காரணம். படத்தில் மூன்று என்று இருக்கும் இடத்தில் அடித்த தாளில் இரண்டு என்று இருக்கிறது, ஆகவே மோசடி செய்தவர் தன் தப்பைப் பிறகு உணர்ந்து ஒட்டுப்போடப் பார்த்திருக்கிறார் என்று எழுதியிருந்தார்.

ஒட்டுப்போட்டவள் நான். மோசடிக்காரன் என்று பெயர் வாங்கியவர் அவர்.

அடுத்த வாரமே தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "அந்த ஆளை இனிமே லைப்ரரிக்குள்ள விடாதீங்க, பேப்பர்ல வந்துருச்சு, நமக்கெதுக்கு வம்பு?" என்றார். அந்த இதழை அவர் வாழ்நாளில் புரட்டியது கிடையாது. மோசடி என்ற சொல்லை மட்டும் எவனோ போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். அது அதோடு நிற்கவில்லை, வளைவு வளைவாக ஏறிச் செல்லமுத்து வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. சாமிப் பெட்டியில் இருந்ததைப் போலி என்று உலகத்துக்கே சொல்ல வைத்துவிட்டாயே, இனிமேல் எங்கள் வாசலை மிதிக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். சின்னக்கண்ணுவுக்கு உறைத்தது அதுதான். சென்னையில் அவரைப் பற்றி யார் என்ன நினைத்தாலும் அவர் தாங்கியிருப்பார். நம்பிப் பெட்டியைத் திறந்து காட்டிய வீட்டில் பொய்க்காரனாக நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை.

பள்ளிக்குள் விடாததால், சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் எனக்காக நின்றார். கையில் நான் அடித்துக் கொடுத்த தாள், இன்னொரு கையில் போன். நான்தான் முந்திக்கொண்டு டாக்டர் தனபாலைத் திட்ட ஆரம்பித்தேன். வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். நான் முடிக்கும் வரை அவர் பொறுத்திருந்துவிட்டு, போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"இது மூணுதானுங்களே டீச்சர்?"

"ஆமாங்கண்ணா."

"உங்க தாள்ல ரெண்டுன்னு இருக்குதுங்க. நாலு எடத்துலயும்."

"நான்தான் மாத்துனேன். ராஜா அப்படிப் போகாதேன்னு..."

"எங்க ஊட்டு ஆட்டத்துல போகுமுங்க. செக் வாங்கறதுக்கு முன்னால, ஒரே ஒரு வாட்டி, குதிர மாதிரி. சிப்பாய்க்கு மொத வாட்டியும் ஒரு கட்டந்தான். இங்க ஆடற பெரியவங்க அத்தன பேரும் இப்பிடித்தான் ஆடறாங்க. சென்றாயனும் இப்பிடித்தான் ஆடியிருப்பாரு."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாண்ணா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எதைங்க சொல்றது? வந்தவன் ஊட்டுக்காரன் சட்டத்துக்குத்தான ஆடுவான்? தொரையா இருந்தா மட்டும் நம்ம ஊட்டுக்கு வந்து அவரு சட்டத்தப் போடுவாருங்களா? இதையும் ஒருத்தரு எழுதிக் காட்டோணும்னு எனக்குத் தெரியாதுங்க." அவர் குரல் உயரவில்லை, தாளை மட்டும் என் முன்னால் நீட்டினார். "உங்க தாள வெச்சு நானும் ஊட்டுல ஆடிப் பாத்தனுங்க. நாலு ஆட்டம் கூடி வரல. நடுவுல எல்லாம் கோணிக்கிட்டுப் போகுது. சரி, நமக்கு இங்கிலீசு அரகொற, நாமதான் தப்பாப் படிக்கறோம்னு நெனச்சுக்கிட்டேன். டீச்சர் தப்பா அடிப்பாங்கன்னு நெனைக்கலீங்க."

"அந்த தனபால் சார் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா..."

"அவரு எனக்குத் தெரியாத ஆளுங்க. அவரு கேக்காதது எனக்குப் பெருசில்ல. நீங்க தெரிஞ்ச ஆளு. ஒரு வாட்டி என்னையக் கேக்கோணும்னு உங்களுக்குத் தோணலியே?"

பஸ் வந்தது, ஏறினேன். எழுபது வளைவிலும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் மேல்கூடக் கொஞ்சம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். அத்தனை பேர் எதிரில், பஸ் ஸ்டாப்பில் வைத்துக் கேட்டுவிட்டாரே என்று.

வைகாசியில் நாமக்கல்லில் பிள்ளைகளுக்கான செஸ் போட்டி நடந்தது. சிறப்பு விருந்தினர் டாக்டர் தனபால் என்று நோட்டீஸில் பார்த்துவிட்டு, நான்தான் சின்னக்கண்ணுவை வற்புறுத்திக் கூட்டிப் போனேன். பரிசெல்லாம் கொடுத்து முடித்து, டாக்டர் காபி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ப் பெயரைச் சொன்னேன்.

"ஓ, நீங்கதானா?" என்று சின்னக்கண்ணுவைப் பார்த்துச் சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஆராய்ச்சின்னா ஆதாரம் வேணும். அசல் நோட்டைக் கொண்டு வாங்க, பார்ப்போம்."

"அசல் வராதுங்க" என்றார் சின்னக்கண்ணு. "ஆட்டத்தக் காட்டறனுங்க, ஒரு பத்து நிமிசம்."

"தாள்ல திருத்துனது நான், அவர் இல்ல" என்று நான் நடுவில் சொன்னேன். டாக்டர் என்னை ஏறிட்டுப் பார்த்து, "நீங்க ஏன் திருத்தணும்?" என்றார். "தப்புன்னு நினைச்சேன்." "செஸ் தெரியுமா உங்களுக்கு?" "சுமாரா." அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் தகுதியானவள்தான்.

அதற்குள் சின்னக்கண்ணு ஒரு காலி மேசையில் காய் அடுக்கிவிட்டார். நாலாவது ஆட்டம். தாள் இல்லை, போன் இல்லை, எல்லாம் மனப்பாடம். இரண்டு பக்கமும் அவரே நகர்த்தினார். பன்னிரண்டாவது நகர்த்தலில் சென்றாயனின் ராஜா தாவியது. டாக்டர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். சின்னக்கண்ணு நிறுத்தவில்லை. துரை ஒரு குதிரையைப் பலி கொடுத்தார், யானையைக் கொடுத்தார், புயலாகத்தான் வந்தார். தாவிப் போன ராஜா அந்தப் புயலுக்கு வெளியே நின்றது. இருபத்தேழாவது நகர்த்தலில் துரைக்கு மேட். நான் அடித்த இரண்டாம் கட்டத்தில் அந்த ராஜா நின்றிருந்தால், பதினைந்தாவதிலேயே சென்றாயன் கதை முடிந்திருக்கும். எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

"நாட்டு முறை" என்றார் டாக்டர் மெதுவாக. "பழைய புஸ்தகங்கள்ல படிச்சிருக்கேன். ராஜாவுக்கு ஒரு தாவல். சிப்பாய்க்கு ஒரு கட்டம். அட, எனக்கே தோணலையே." அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது, அதை மறைக்காமல் சொல்கிறேன். பிறகு அந்தச் சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "ஆனா ஒரு சிக்கல் இருக்குங்க. இது நம்ம சர்வதேச செஸ் இல்லை. லாக்ஸ்டனோட ஆட்டத் தொகுப்புல இதைச் சேர்க்க முடியாது. விதி வேற, ஆட்டமே வேற."

"தோத்தது அவருதானுங்களே?" என்றார் சின்னக்கண்ணு. "விதி வேறன்னா தோத்த ஆளும் வேற ஆளா ஆயிருவாருங்களா?"

"அப்படி இல்ல, கணக்குன்னு ஒண்ணு இருக்கில்ல..."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். துரை தோற்றதும் இங்கே கூடமே கிடையாது என்றாகிவிட்டது. லாக்ஸ்டன் ஆறு ஆட்டம் ஜெயித்திருந்தால், 'கீழை நாட்டு விதிகளிலும் வெற்றிக்கொடி நாட்டிய மேதை' என்று ஓர் அத்தியாயமே எழுதியிருப்பார்கள். இதை நான் அங்கேயே, அந்த மண்டபத்திலேயே, பிள்ளைகளின் அப்பா அம்மா எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. சின்னக்கண்ணு என் பக்கம் திரும்பாமலே, "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க டீச்சர்" என்றார். பிறகு டாக்டரிடம், "சேக்கறதும் சேக்காததும் உங்க இஷ்டமுங்க. நான் பொய்க்காரன் இல்லைன்னு மட்டும் அதே புஸ்தகத்துல, அதே அளவு எழுத்துல போட்டுருங்க. எனக்கு ஒரு ஊட்டுல காட்டோணும்" என்றார்.

போடுகிறேன் என்றார் டாக்டர். நானும் நடந்ததையெல்லாம் எழுதி, என் பெயரும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். ஆனி இதழில் கடைசிப் பக்கத்தில், செஸ் போர்டு விளம்பரத்துக்குக் கீழே, கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில் வந்தது. "மாசி இதழில் குறிப்பிட்ட ஆட்டங்கள் தொடர்பாக, தட்டச்சுப் பிழையினால் குழப்பம் ஏற்பட்டதாகத் தெரியவருகிறது." அவ்வளவுதான். சின்னக்கண்ணு பெயர் இல்லை. சென்றாயன் பெயர் இல்லை. போலி இல்லை என்ற சொல்கூட இல்லை. என் பெயரையும் விட்டுவிட்டார்கள். மோசடி என்று எழுதும்போது ஊர், பேர் எல்லாம் கிடைத்தது, திருத்தம் எழுதும்போது மட்டும் இடம் போதவில்லை போலிருக்கிறது.

ஆடி வந்தது. அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு செல்லமுத்து வீட்டுக்குப் போகப் போவதாகச் சின்னக்கண்ணு சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். வரச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. போனோம். வாசலில் பொங்கலுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். செல்லமுத்து எங்களை உட்காரச் சொல்லவில்லை. தாளை வாங்கி, அந்த ஒற்றை வாக்கியத்தை இரண்டு முறை படித்தார்.

"தட்டச்சுப் பெழைன்னா என்னப்பா? அது யாரு?"

ஏதாவது பூசி மெழுகுவார், தவறு எல்லாருக்கும் வரும் என்பார் என்று நான் எதிர்பார்த்தேன். பெரிய மனதுக்காரர்களைப் பற்றி நமக்கு எப்போதும் அப்படி ஒரு சௌகரியமான எதிர்பார்ப்பு இருக்கிறது.

"இவங்கதாங்க" என்றார் சின்னக்கண்ணு.

செல்லமுத்து என்னைப் பார்த்தார். "ஏன் அம்மிணி, எங்க பெட்டியில இருந்த எழுத்தையா திருத்துனீங்க?"

"ஆமாங்க" என்றேன். "தப்புன்னு நெனச்சுட்டேங்க. தப்பு என்னுதுதான்."

அவர் தாளை மடித்தார். பிறகு சின்னக்கண்ணுவிடம், "நீ உள்ள வா" என்றார். என்னிடம், "இந்த வருசம் நீங்க பெட்டிக்கு முன்னால வர வேண்டாம் அம்மிணி. பொங்கல் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இரண்டு மணி நேரம் அந்த வாசலில் அடுப்புப் புகையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சின்னக்கண்ணு படம் எடுக்கும் போன் சத்தம் கேட்டது. போன தடவை மங்கலாக விழுந்த பக்கங்களை மறுபடி எடுத்திருக்கிறார். செல்லமுத்து ஏதோ சொல்ல, அவர் சிரிப்பது கேட்டது. மாசிக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

திரும்பி நடக்கும்போது சொன்னேன். "படத்தை எனக்கு அனுப்புங்கண்ணா. இந்தத் தடவை ஓர் எழுத்து மாத்தாம அப்படியே அடிச்சுத் தரேன்."

"வேண்டாங்க டீச்சர். நானே அடிச்சிக்கறனுங்க."

"கூட்டெழுத்து உங்களுக்கு ஓடாதே?"

"ஓட வெச்சுக்கறனுங்க."

என் மேல் இருந்த கோபம் அவருக்குத் தீர்ந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் வரவில்லை. கோபம் தீர்ந்தாலும் வேலையைத் திரும்ப என் கையில் கொடுக்க மாட்டார் என்பது மட்டும் புரிந்தது.

துரையின் எழுத்தை ஒவ்வொன்றாகப் படத்திலிருந்து தனித்தாளில் வரைந்து, எந்த வளைவு எந்த எழுத்து என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டாராம். நஞ்சம்மாள்தான் சொன்னார். மிளகு பறிக்கும் இடைவேளையில் மரத்தடியில் உட்கார்ந்து, போனில் ஒற்றை விரலால், இரண்டு மாதம் அடித்திருக்கிறார். ஒவ்வொரு ஆட்டத்திலும் துரையின் தலைப்புக்கு மேலே தனியாக இரண்டு பெயர், அதில் முதலில் சென்றாயன். முதல் பக்கத்தில் தமிழில் நாலே வரி: ராஜாவுக்கு ஒரு தாவல், சிப்பாய்க்கு ஒரு கட்டம், ஆடியது சென்றாயன் வீட்டு விதிப்படி, துரை அதற்குச் சம்மதித்து ஆடித் தோற்றார். அச்செடுத்து மூன்று பிரதி போட்டார். ஒன்று சென்னைக்குப் போனது, அங்கிருந்து இந்த நிமிடம் வரை ஒரு வரி பதில் இல்லை. ஒன்று செல்லமுத்து வீட்டுக்குப் போனது.

மூன்றாவதை, போன வாரம், பள்ளி வாசலில் நின்று என்னிடம் கொடுத்தார். உள்ளே வர இன்னும் அனுமதி இல்லை, அதற்காகத் தலைமை ஆசிரியரோடு நான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். "வெச்சுக்கங்க" என்றார். பஸ்ஸில் போன் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் மறுபடி பார்த்தேன். ஒன்பது ஆட்டத்திலும் ஒரு பிழைகூட இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.